கத்தி பிடித்த கையில் ராக்கி கட்டிய சகோதரி

குமுளியிலிருந்து மூணாறு செல்லும் சாலையில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது ஆனைக்கரை. கம்பம், உத்தமபாளையம் பக்கத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் மலையேறி வந்து, காய் எடுத்துவிட்டு, மாலையில் அதே ஜீப்பில் இறங்கிப் போகும் நம்மவர்களுக்கு இந்த ஊரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. புற்றடி ஏல மையத்தில் அன்று காய் என்ன விலை போயிற்று என்பதுதான் இங்கு முதல் பேச்சு. மற்றவை எல்லாம் அப்புறம்.

அந்த மற்றவற்றில் ஒன்று, இங்குள்ள மரியன் தியான மையம். மலையாளத்துக் கிறிஸ்தவர்கள் 'தியானம்' என்று சொல்வது கண்ணை மூடித் தனியே உட்காருவதை அல்ல. நாட்கணக்கில் ஓரிடத்தில் தங்கி, பிரசங்கம் கேட்டு, பாவசங்கீர்த்தனம் செய்து, புது மனிதனாக வீடு திரும்புவதற்கே அந்தப் பெயர். 'தியானம் கூடினேன்' என்று அவர்கள் சொன்னால், பழைய கணக்கை ஆண்டவரிடம் தீர்த்துவிட்டு வந்தேன் என்று நாம் அர்த்தம் செய்துகொள்ளலாம்.

இதைப் போலவே இரு மொழியாரையும் குழப்பும் இன்னொரு சொல்லும் உண்டு. அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனால் 'மனஸ்தாபம்' என்கிறோம் நாம். மலையாளக் கிறிஸ்தவர் வாயில் அதே சொல் வந்தால், செய்த பாவத்துக்காக மனம் நொந்து வருந்துவது என்று பொருள். நம் பாட்டிமார் வைத்திருந்த பழைய ஜெபப் புத்தகங்களிலும் 'உத்தம மனஸ்தாப மந்திரம்' என்றுதான் இருந்தது. காலப்போக்கில் தமிழில் மனஸ்தாபம் சண்டையாகிவிட்டது. மலையாளத்தில் அழுகையாகவே நின்றுவிட்டது.

நோன்பு தொடங்கும் நாளிலும் வித்தியாசம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்த லத்தீன் முறைக் கத்தோலிக்கர் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். சிரியன் முறையைச் சேர்ந்த பக்கத்து வீட்டுக்காரருக்கோ இரண்டு நாள் முன்னதாக, திங்கட்கிழமையே நோன்பு தொடங்கிவிடும். அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் மலையேற்றம். இடுக்கியில் எழுகும்வயல் குரிசுமலைக்குக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் ஏறுவார்கள், முதியவர்களும் பின்வாங்குவதில்லை.

இத்தனை நோன்புக்கும் நடைக்கும் அழுகைக்கும் பின்னால் ஒரே கேள்விதான் நிற்கிறது. முதலில் மனிதன் மனந்திரும்ப வேண்டுமா, அதற்குப் பிறகுதான் ஆண்டவர் இரக்கம் காட்டுவாரா? அல்லது இரக்கம் முன்னே வந்து, அதைக் கண்டபின் மனிதன் திரும்புகிறானா?

கோயில் பிரசங்கங்களில் பெரும்பாலும் முதல் வரிசையைத்தான் கேட்கிறோம். திருந்து, மன்னிப்பு கிடைக்கும், திருந்தாவிட்டால் நரகம். ஆனால் கேரளத்தின் ஒரு குடும்பத்தில் அந்த வரிசை தலைகீழாக நடந்தது. அதை நேரில் கண்டவர்கள் இன்னமும் உயிரோடு இருக்கிறார்கள்.

புல்லுவழிப் பெண்

ஆனைக்கரையிலிருந்து மலையிறங்கி மூவாற்றுப்புழை வந்து, எம்.சி. ரோட்டில் பெரும்பாவூரை நோக்கிப் போனால் வழியில் வரும் சிற்றூர் புல்லுவழி. முன்னாள் முதல்வர் பி.கே. வாசுதேவன் நாயரும் மார்க்சியச் சிந்தனையாளர் பி. கோவிந்தப் பிள்ளையும் புல்லுவழிக்காரர்களே. பெரும்பாவூர் பக்கம் பிளைவுட் கம்பெனிகளில் வேலை பார்த்த நம்மவர்களுக்கும் தெரிந்த பாதைதான்.

இந்த ஊரில் வட்டாலில் என்ற விவசாயக் குடும்பத்தில் 1954 ஜனவரி 29-ல் மரியம் பிறந்தார். தகப்பனார் பைலி, தாயார் ஏலீஸ்வா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்டு சபையில் சேர்ந்து கன்னிகாஸ்திரீ ஆனபோது ராணி மரியா என்ற பெயரை ஏற்றார். தங்கை செல்மியும் அதே சபையில் சேர்ந்தார்.

1975-ல் ராணி மரியா வடக்கே போனார். முதலில் உத்தரப் பிரதேசத்தில் பிஜ்னோர். 1983-ல் மத்தியப் பிரதேசத்தின் ஒடகடி. 1992-ல் தேவாஸ் மாவட்டத்து உதய்நகர். அங்கே பழங்குடி மக்களும் நிலமில்லாத கூலிகளும்தான் அதிகம். விதைக்குக் கடன், கல்யாணத்துக்குக் கடன், வியாதிக்குக் கடன். அசல் ஒருநாளும் தீராது. வட்டிக்காக ஆயுள் முழுதும் உழைக்க வேண்டும். தோட்டத்தில் அட்வான்ஸ் வாங்கிவிட்டுப் பல வருஷம் அதைக் கழித்துக்கொண்டிருந்த குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது கதையல்ல.

சகோதரி அந்த ஜனங்களைக் கூட்டிவைத்துச் சிறு சேமிப்பைப் பழக்கினார். அரசாங்கக் கடன் எங்கே கிடைக்கும், எந்தப் பாரத்தில் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, பாங்கிக்கும் ஆபீசுக்கும் அவர்களை நேராகப் போகச் செய்தார். மனு எழுதத் தெரிந்த ஒருவர் கிராமத்துக்கு வந்தால் வட்டிக்கடைக்காரனுக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை எந்த ஆபீஸ் குமாஸ்தாவும் சொல்வார். பகை வளர்ந்தது.

1995 பிப்ரவரி 25 காலையில் ராணி மரியா உதய்நகரில் இந்தூர் பஸ் ஏறினார். இந்தூர் வந்து, அங்கிருந்து கேரளம் போக ஏற்பாடு. அதே பஸ்ஸில் சமுந்தர் சிங் என்ற வாலிபனும் இருந்தான். வழியில் பஸ்ஸை நிறுத்தச் செய்து தேங்காய் உடைத்துத் துண்டுகளைப் பங்கிட்டான் என்றும், சகோதரியிடம் நீட்டிய துண்டைக் கேலியாகத் திரும்ப இழுத்துக்கொண்டான் என்றும் அந்நாளைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு கத்தியை எடுத்தான். நாச்சன்போர் மலைப்பாதையில், பஸ்ஸுக்குள் குத்தி, வெளியே இழுத்துப் போட்டு மறுபடியும் குத்தினான். உடலில் 54 காயங்கள். பஸ் நிறைய ஆட்கள் இருந்தும் தடுப்பார் இல்லை. சாலையோரத்தில் அவர் உயிர் பிரிந்தது. வயது 41. கடைசிவரை இயேசுவின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

கேரளத்துக்குக் கிளம்பியவர் வந்து சேரவில்லை. உதய்நகரிலேயே அடக்கம் செய்தார்கள்.

சிறையில் வளர்ந்தது ஆத்திரம்

கொலைகாரனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தண்டனை வந்த உடனே மனந்திரும்பிவிட்டான் என்று எழுதிவிட்டால் கதை சுலபமாக முடிந்திருக்கும். நடந்தது அப்படியல்ல. இந்தூர் சிறையில் சமுந்தருக்கு வளர்ந்தது ஆத்திரம்தான். சகோதரிக்கு எதிராகத் தன் மனத்தில் விஷம் ஏற்றியவர்கள் தன்னை அம்போவென்று விட்டுவிட்டார்கள். மனைவியும் பிரிந்து போய்விட்டாள். வெளியே வந்ததும் தூண்டிவிட்டவனைத் தீர்த்துக்கட்ட வேண்டும் என்பதே அப்போதைய எண்ணமாக இருந்ததைப் பிற்காலத்தில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சிறைக்கம்பி ஒருவனைத் தடுத்து நிறுத்தலாம், திருப்பிவிடாது.

அந்தச் சமயத்தில்தான் சுவாமி சதானந்த் சிறைக்கு வந்து போகத் தொடங்கினார். பெயரையும் காவியையும் பார்த்து ஏதோ மடத்துச் சாமியார் என்று நினைக்க வேண்டாம். அவர் கேரளத்துக்காரர்; சி.எம்.ஐ. சபையைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு. துறவு முறையில் வாழ்ந்தவர். மறுபடி மறுபடி வந்து சமுந்தரிடம் பேசினார். கொலையுண்டவரின் வீட்டார் உன்னை மன்னித்துவிட்டார்கள் என்ற செய்தி அவர் மூலம் உள்ளே போயிற்று. சமுந்தர் எளிதில் நம்பவில்லை. நம்புவதற்கு என்ன இருக்கிறது? நம் ஊரில் வரப்புத் தகராறுக்கே மூன்று தலைமுறை முகம் பார்க்காமல் இருக்கிறார்கள்.

2002 ஆகஸ்டு. ரக்ஷா பந்தன் பண்டிகை. நமக்கு ஆவணி அவிட்டம் வரும் பௌர்ணமியில் வடநாட்டில் சகோதரிகள் சகோதரன் மணிக்கட்டில் ராக்கிக் கயிறு கட்டுவார்கள். கட்டிக்கொண்டவன் அவளை ஆயுள் முழுதும் காக்கக் கடமைப்பட்டவன். உடன்பிறவாதவனுக்குக் கட்டினாலும் கடமை அதேதான். அந்தப் பண்டிகையை ஒட்டி இந்தூர் சிறைக்குச் சென்ற சகோதரி செல்மி பால், தன் அக்காளைக் கொன்றவனின் கையில் ராக்கி கட்டினார். கத்தி பிடித்த கை. சமுந்தர் அழுது மன்னிப்புக் கேட்டார்.

இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டதால் ராக்கி கட்டவில்லை. ராக்கியோடு வந்தபின்தான் அழுகை வந்தது. சமுந்தர் தன்னைக் 'குற்றவாளி' என்று பார்ப்பதற்கு முன்பே, எதிரே நின்றவர் அவரைத் 'தம்பி' என்று பார்த்துவிட்டார்.

தாயார் ஏலீஸ்வாவும் அவரைச் சந்தித்தார். சந்தித்தபோது அவர் கைகளைப் பிடித்து முத்தமிட்டார். தன் மகளின் இரத்தம் பட்ட கைகள் என்பதே அதற்கு அந்தத் தாய் சொன்ன காரணம். இதற்கு மேல் எதுவும் எழுதாமல் விடுவதே மரியாதை.

ஊதாரி மைந்தனின் மனப்பாடம்

கிறிஸ்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஊதாரி மைந்தன் உவமையை, இதைத் தெரிந்துகொண்ட பிறகு மறுபடி படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். லூக்காவின் சுவிசேஷத்தில் 15-ம் அதிகாரம். சொத்தைப் பிரித்து வாங்கி, வெளியூர் போய் அழித்துவிட்டுப் பசியில் வாடும் மகன், தகப்பனிடம் என்ன சொல்வது என்று வார்த்தைகளை முன்கூட்டியே தயாரித்துக்கொண்டு கிளம்புகிறான். கூலியாட்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்பதாக உத்தேசம். உண்மையைச் சொன்னால், வீட்டை விட அவனுக்குச் சோற்று நினைவுதான் அதிகம். ஆனால் அவன் வெகு தூரத்தில் வரும்போதே தகப்பன் பார்த்துவிடுகிறான். ஓடிப் போய்க் கட்டிக்கொள்கிறான். மனப்பாடம் செய்து வந்ததை மகன் சொல்லத் தொடங்குகிறான். கூலி வேலை கேட்கும் கடைசிப் பகுதி மட்டும் அவன் வாயிலிருந்து வரவேயில்லை. அதற்குள் தகப்பன் புது வஸ்திரத்துக்கும் மோதிரத்துக்கும் உத்தரவு போட்டுவிடுகிறான்.

வெளியூரில் தோற்றுப்போய், வெறுங்கையோடு எப்படி ஊர் திரும்புவது என்று பஸ் ஸ்டாண்டில் நின்று யோசித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்த உவமையை விளக்க உபதேசியார் தேவையில்லை.

அதே லூக்கா 19-ம் அதிகாரத்தில் சக்கேயு என்ற வரி வசூல்காரனைச் சொல்கிறார். இயேசு அவன் வீட்டுக்கு விருந்துக்கு வருவதாகச் சொன்ன பிறகுதான், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக அவன் எழுந்து நின்று அறிவிக்கிறான். அங்கேயும் விருந்துதான் முந்தியது. கணக்குத் தீர்ப்பது பிந்தியது. ஆனால் கணக்குத் தீர்ப்பது நடந்தே ஆக வேண்டும். இதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். சீட்டுப் பணத்தை அமுக்கியவன் தியானம் கூடி அழுதுவிட்டு, சீட்டுக்காரனைக் கண்டால் மாற்றுத் தெருவில் போவானானால், அழுதது கண்ணின் வேலை மட்டுமே. பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகு பரிகாரமும் உண்டு என்பதைத் திருச்சபை தன் உபதேசத்தில் எப்போதும் வைத்தே வந்திருக்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடுக்காத மனஸ்தாபம் பாதி மனஸ்தாபம்.

சட்டம் என்ன ஆவது?

கொலை செய்தவனை வீட்டார் மன்னித்துவிட்டால் போதுமா, நாளைக்கு ஆளாளுக்குக் கத்தி எடுக்கமாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. செத்தவர் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் சொந்தமல்ல. உதய்நகர் ஏழைகளுக்கும் சொந்தம். அவர்கள் சார்பில் யார் மன்னிப்பது?

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இங்கே வழக்கு நடந்தது, தீர்ப்பு வந்தது, சமுந்தர் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தார். மரண தண்டனைக்குரிய குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது 14 ஆண்டு சிறையில் இருக்க வேண்டும் என்று 1978-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஆயினும் அரசியல் சட்டத்தின் 161-வது பிரிவு ஆளுநருக்குத் தந்துள்ள மன்னிப்பு அதிகாரத்தை அது கட்டுப்படுத்தாது என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட் கூறியது. சகோதரியின் குடும்பத்தாரும் சபையாரும் மேற்றிராணியாரும் விடுதலை கோரி மத்தியப் பிரதேச ஆளுநருக்கே மனுச் செய்தார்கள். 2006 ஆகஸ்டில் சமுந்தர் விடுதலையானார். மன்னிப்பு சட்டத்தைத் தாண்டி ஓடவில்லை. சட்டத்தின் வாசலில் மனுவோடு காத்து நின்றது.

ஒடிசாவில் மனோகர்பூரில் 1999 ஜனவரியில் ஆஸ்திரேலியப் பாதிரியார் கிரகாம் ஸ்டெயின்ஸையும் பிலிப், தீமோத்தேயு என்ற இரு பிள்ளைகளையும் ஜீப்போடு எரித்தார்கள். மனைவி கிளாடிஸ் மன்னித்தார். குஷ்டரோகிகளுக்கான சேவையையும் உடனே விட்டுவிடவில்லை. ஆனால் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை 2011-ல் உறுதியாயிற்று. மன்னிப்பதும் தண்டிப்பதும் வேறு வேறு நாற்காலிகள்.

இத்தாலியில் 1902-ல் மரிய கொரற்றி என்ற பதினோரு வயதுச் சிறுமியைக் குத்திக் கொன்ற அலெசாந்திரோ செரனெல்லியின் கதையும் ஏறக்குறைய இதே தடத்தில் போகிறது. சாகும்போது சிறுமி மன்னித்தாள். அவனுக்கோ பல ஆண்டுகள் மனம் இளகவில்லை. கனவில் அவள் வந்து லீலி மலர்களைக் கொடுத்ததாகச் சொன்ன பிறகே மாறினான். 27 ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பின் வெளியே வந்து சிறுமியின் தாயிடம் மன்னிப்புக் கேட்டான். மடத்தில் தோட்ட வேலை பார்த்து 1970-ல் இறந்தான். கொரற்றிக்கு 1950-ல் புனிதர் பட்டம் கிடைத்தது. இரு கதைகளிலும் பொதுவாக உள்ளது காலதாமதம். மன்னிப்பு ஒரு நாளில் முடிந்துவிட்டது. மனந்திரும்புதல் வருஷங்களைத் தின்றது.

பிறகு...

விடுதலையான சமுந்தர் புல்லுவழிக்கு வந்தார். ராணி மரியா போக இருந்த வீட்டுக்கு, அவரைப் போகவிடாமல் செய்தவர் வந்து சேர்ந்தார். குடும்பத்தார் பிள்ளையைப் போல் ஏற்றார்கள்.

ராணி மரியாவை வேதசாட்சியாக ஏற்கும் ஆணை 2017 மார்ச்சில் ரோமாபுரியிலிருந்து வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 4-ல் இந்தூரில் நடந்த விழாவில் கர்தினால் ஆஞ்சலோ அமாத்தோ அவரை 'அருளாளர்' வரிசையில் சேர்த்தார். கூட்டத்தில் சமுந்தரும் இருந்தார். இவருடைய வாழ்க்கையைப் பற்றி 2013-ல் ஒரு டாக்குமெண்டரி வந்தது. ராணி மரியாவைப் பற்றிய திரைப்படத்தில் மலையாள நடிகை வின்சி அலோஷியஸ் நடித்து 2023-ல் வெளிவந்தது. சுவாமி சதானந்த் 2016-லேயே காலமாகிவிட்டார்.

ராணி மரியாவின் திருநாள் பிப்ரவரி 25. பெரும்பாலான ஆண்டுகளில் அது நோன்பு காலத்தை ஒட்டியே வருகிறது. ஆனைக்கரையில் தியானத்துக்குக் கூட்டம் சேரும் பருவம். மத்தியப் பிரதேசத்தில் அது கோதுமை விளையும் பருவம். சமுந்தர் தன் கிராமத்தில் விவசாயம் செய்கிறார். தன் நிலத்தில் விளைந்த கோதுமையை எடுத்துக்கொண்டு உதய்நகர் போய், ராணி மரியாவின் கல்லறையில் காணிக்கையாக வைத்துவிட்டு வருவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறார்.